விளக்கு வைத்த பிறகு

"வெளக்கு வச்சாச்சு பிலோமி. இனிமே உறை மோர் வெளிய குடுக்கிறதில்லை."

பக்கத்து வீட்டுச் சரஸ்வதி இப்படி முகத்தில் அடித்தாற்போலச் சொல்வாள் என்று பிலோமி நினைக்கவே இல்லை.

"ஒரு சொட்டு போதும்க்கா. புள்ளைக்குத்தான்..."

வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த சரஸ்வதியின் மாமியார் பெத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்நேரம் குடுத்தா லட்சுமி போயிருவா தாயி. தெரியாதா உனக்கு?"

விஷக்காய்ச்சலில் கிடந்த மகள் ஞானப்பூவுக்கு இன்றுதான் காய்ச்சல் விட்டிருந்தது. நாளைக் காலையில் ரெண்டு வாய் தயிர்ச்சோறு கொடுக்கலாம் என்று கம்பவுண்டர் சொன்னதிலிருந்து பிள்ளைக்கு அதே ஜெபம். பார்த்தால், வீட்டிலிருந்த உறை மோரைப் பாழாய்ப்போன பூனை உருட்டிவிட்டது!

பிலோமி திரும்பி நடந்தாள்.

"நில்லுடி. போன வாரம் வாங்குன உன் சட்டி, கொண்டு போ" என்று சரஸ்வதி உள்ளே போய், தட்டால் மூடிய சட்டியைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

வீட்டுக்கு வந்து திறந்தால், குப்பென்று புளிச்ச வாடை. உள்ளே வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது.

வாங்கின பாத்திரத்தைக் கழுவாமல் கொடுப்பதா? பிலோமிக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது.

"நான் என்ன இவுக வீட்டுப் பத்துப்பாத்திரக்காரியா?"

சாம்பலும் புளியும் போட்டுப் பரபரவென்று தேய்த்தாள். நாலு தரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் மூச்சே வந்தது.

கணவன் தாவீதுராஜ் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். "உறை கிடைச்சுதா?" என்றான்.

"கிழிச்சுது!"

"சித்திரைன்னா அந்த வெக்கைக்குச் சட்டுனு உறைஞ்சிரும். இது மார்கழி. சூடு வேலையை வேகப்படுத்தும், சரி. ஆனா ஆரம்பிச்சு வைக்க உறைன்னு ஒண்ணு விழணும்ல?"

"அடுப்போரமா வைக்கிறேன். மிளகாக்காம்பு கிள்ளிப் போடுறேன். கர்த்தர் பாத்துக்கிடுவார்."

சூடான சாம்பலில் பால் சட்டியைப் பதித்து, சாக்கைச் சுற்றி வைத்தாள்.

விடிந்ததும் ஓடிப்போய்த் திறந்தாள். சட்டியில் பால் பாலாகவே தளும்பியது. காம்புகள் மேலே மிதந்தன.

"அம்மா, தயிர்ச்சோறு" என்று உள்ளேயிருந்து ஈனக்குரல். பிலோமிக்கு அழுகை முட்டியது.

வாசலில் சரஸ்வதி வந்து நின்றாள். "புள்ள ரெண்டு வாய் சாப்பிட்டாளா?"

"நல்லாக் கேட்டீக போங்க! உங்க லட்சுமி உங்க வீட்டுலயே இருக்கட்டும். எம்புள்ள பட்டினி கிடந்துக்கிடுவா!"

சரஸ்வதி பால் சட்டியை எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "ஏன்டி உறையலை?"

"உறை ஊத்தாம எப்படிக்கா உறையும்?"

சரஸ்வதி தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அத்தை கண்ணு முன்னால வேற எப்படிடி குடுப்பேன்? ரெண்டு கரண்டி கெட்டித் தயிரை எடுத்து அந்தச் சட்டிக்குள்ள சுத்திலும் அப்பிக் குடுத்தேனே... கழுவியா தொலைச்சே?"