கல்லறை ஓரத்துப் புல்

"ஏப்பா செபாஸ்டினு, நாளைக்குக் கல்லறைத் திருநாளு. இன்னைக்குச் சாயங்காலம் ஃபாதர் வந்து பாக்கறப்ப ஓரமெல்லாம் சும்மா சவரம் பண்ணுனாப்பல இருக்கோணும். முடிஞ்சுருமா?"

"முடிச்சுப் போடலாமுங்க உபதேசியாரே."

கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் லூர்துராஜுக்கு அந்தப் பதில் போதவில்லை. போன வருஷம், மலை மேலிருக்கும் மஞ்சக்குட்டை ஊரின் இந்தக் கல்லறைத் தோட்டம் காடாய்க் கிடந்தது. மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்கள் முழங்கால் புல்லுக்குள் அவரவர் அப்பனையும் ஆத்தாளையும் தேடி அலைந்தார்கள். "இன்னொரு தடவை இப்படி இருந்தா வேற உபதேசியாரைப் பார்த்துக்கறேன்" என்று ஃபாதர் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். வேலை போனால் கோயில் கொடுத்த வீடும் போகும். மகள் அபிஷா பத்தாவது படிக்கிறாள். இந்த ஐப்பசியில் மழை பத்து நாள் விடாமல் பெய்து, இன்றைக்குத்தான் வெயிலைக் கண்ணில் காட்டியிருந்தது.

அந்த வட்டாரத்தில் புல் வெட்டும் மெஷின் வைத்திருப்பவன் செபாஸ்டின் ஒருவன்தான். மூன்று வாரமாக அவன் மனைவி செல்வமேரி சேலம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இவன் எங்கே வரப்போகிறான் என்றுதான் லூர்துராஜ் பயந்துகொண்டிருந்தார். ஆனால் ஏழு மணிக்கெல்லாம் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மேரிக்கு எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

"இப்ப வலி எதுவும் இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் கயிற்றைச் சுண்டி இழுத்தான்.

வேலைக்காரன் என்றால் அவன் வேலைக்காரன். மெஷின் தலையைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, பாதையின் ஓரமாகவே அடிமேல் அடி வைத்து நடந்தான். சுற்றுகிற நைலான் நரம்பு புல்லை மட்டும் சீவியது. கல்லறைச் சிமெண்டில் ஒரு கீறல் விழவில்லை.

பத்து மணிக்கு லூர்துராஜின் போன் அடித்தது.

"நான் மேரியக்கா தம்பி மரியஜோசப்பு பேசறனுங்க. கிருஷ்ணகிரியிலிருந்து இப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தேன். அக்கா... விடியக்காலமே போயிருச்சுங்க." அழுகையில் அவன் குரல் உடைந்தது. "மாமன் போனு ஆஃப்ல கெடக்குது. நீங்கதான் பக்குவமா சொல்லோணும். அஞ்சு மணிக்குள்ள ஆம்புலன்ஸ் மேல வந்துருமுங்க."

"நான் சொல்லிக்கறேன் கண்ணு. நீ தைரியமா இரு."

ஊரில் ஒரு சாவு என்றால் உபதேசியார் முதலில் செய்ய வேண்டியது துக்க மணி அடிப்பது. விட்டு விட்டு அடிக்கும் அந்தச் சத்தம் கேட்டால், எஸ்டேட்டில் காப்பி பறித்துக்கொண்டிருப்பவர்கள்கூடக் கூடையை இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். லூர்துராஜ் கோயிலுக்குள் போய் மணிக் கயிற்றைப் பிடித்தார். ஜன்னல் வழியே கல்லறைத் தோட்டம் தெரிந்தது. இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. மணி அடித்தால் செபாஸ்டின் மெஷினைக் கீழே வைத்துவிடுவான். அப்புறம் யார் வெட்டுவது?

கயிற்றை விட்டுவிட்டார்.

'போனவள் போய்விட்டாள். நாலைந்து மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். 

மத்தியானம் டீயும் பன்னும் அவரே எடுத்துக்கொண்டு போனார். செபாஸ்டினின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"வேண்டாமுங்க. எறங்காது" என்றான்.

"இருந்தாலும் வயித்தைக் காயப் போடாதப்பா."

அவன் சுவரோரமாக நகர்ந்தான். அங்கே சில்வர் ஓக் மரத்தடியில் வெறும் இடம் ஒன்று இருந்தது. அதன் நாலு ஓரத்தையும் ஒரு தடவை சுற்றினான். நின்று பார்த்தான். மறுபடியும் சுற்றினான். மண்டியிட்டு, அங்கிருந்த கல்லையெல்லாம் கையால் பொறுக்கி எறிந்தான்.

லூர்துராஜுக்குப் பொறுமை போயிற்று. "ஏப்பா, அங்கதான் கல்லறையே இல்லியே! அதுக்குப் போயி எதுக்கு இத்தன நேரம்? ஃபாதர் வந்துருவாருப்பா!"

"இருக்கட்டுமுங்க. அதுவும் சுத்தமா இருக்கட்டும்."

மூன்று மணிக்கு மெஷின் நின்றது. பாதையும் புல்லும் சந்திக்கும் இடமெல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. இனி வீடு போகாது. அந்த நிம்மதி வந்த மறுகணமே, தான் செய்த காரியம் லூர்துராஜுக்கு உறைத்தது. ஐந்து மணி நேரம் ஒரு மனுஷனை முட்டாளாக்கி வேலை வாங்கியிருக்கிறோம். இனியாவது சொல்லிவிட வேண்டும்.

செபாஸ்டின் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பச்சையாகப் புல்தூள் அப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

"செபாஸ்டினு... உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்..."

"நான் மொதல்ல சொல்லிப் போடறனுங்க." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னைய மன்னிச்சுருங்க உபதேசியாரே. மேரி போயிட்டா. விடியக்காலமே நர்சம்மா போன் பண்ணிச்சுங்க. போனை அமத்தி வெச்சுட்டு நேரா இங்க வந்துட்டேன். என் கையால அவளுக்கு இதொண்ணாவது செய்யோணும்னு இருந்துச்சுங்க. அந்தச் செவுத்தோரத்து எடத்தை அவளுக்குக் குடுங்க."

லூர்துராஜின் பார்வை மணிக் கயிறு தொங்கிய ஜன்னல் பக்கம் போனது.

"உங்ககிட்ட மறைச்சது தப்புத்தானுங்க" என்றான் செபாஸ்டின். "நீங்க நொம்ப எரக்கமுள்ள மனுசரு. தெரிஞ்சிருந்தா அடுத்த நிமிசமே மணியடிச்சு, மெஷினைப் புடுங்கி வெச்சுட்டு என்னைய ஊட்டுக்கு அனுப்பிப் போட்டிருப்பீங்க. அதுக்குப் பயந்துதானுங்க சொல்லலை."