ஏழில் முடியும் எண்

தொலைபேசி அலுவலகக் கவுண்டரில் இருக்கும் பெண், கணக்கு வாத்தியாரின் இறந்துபோன மனைவியுடைய எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் தட்டுகிறாள். எதிரே அவர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியே வரும் காலை வெயில் இறப்புச் சான்றிதழின் மேல் விழுகிறது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் படபடக்கிறது. பத்து இலக்கம். கூட்டினால் நாற்பத்தொன்பது, ஆகவே மூன்றால் வகுபடாது. ஏழில் முடிவதால் இரண்டும் ஐந்தும் கிட்டே வராது. மற்ற எண்களால், மனைவி உயிரோடு இருந்தபோதே, அவரே வகுத்துப் பார்த்தார். ஒரு லட்சத்துக்குள் இருக்கும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பகா எண்களாலும் வகுக்க ஒரு வருஷமும் பல நோட்டுகளும் ஆயின. கடைசி வகுத்தலிலும் மீதி விழுந்ததும் சமையலறைக்கு ஓடி, "உன் நம்பர் பகா எண்டி!" என்றார். "அப்போ இன்னிக்காவது அதுக்கு ரீசார்ஜ் பண்ணுங்க," என்றாள் அவள்.

"நம்பர நீங்களே வச்சுக்கலாமே சார்?" என்கிறாள் கவுண்டர் பெண்.

"கூப்பிட்டா எடுக்க ஆளில்லையேம்மா."

அவள் ஒரு விசையைத் தட்டுகிறாள். அவர் கையிலிருக்கும் மனைவியின் போனில் சிக்னல் கோடுகள் மறைகின்றன.

"முடிஞ்சது சார். இனிமே இந்த நம்பர் இல்ல."

"நம்பர் இருக்கும்மா," என்கிறார், வகுப்பில் தப்பைத் திருத்தும் குரலில். "அது எங்கயும் போகாது."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த டோக்கனை அழைக்கிறாள். வந்தவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். வாத்தியாருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.