ஏணியில் நிற்கும் புள்ளி

“சார், ஏணி மேல ஒரு ஆள் நின்னா?”

மறுபடியும் அதே குரல். லக்ராஞ்சியன் சமன்பாட்டைக் கரும்பலகையில் அப்போதுதான் அழகாக எழுதி முடித்திருந்த விரிவுரையாளருக்குச் சுர்ரென்று ஏறியது.

முதுநிலை இயற்பியல் வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபது சொச்சம் வயது. இந்த அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வழவழப்பான சுவர், வழவழப்பான தரை, சரியும் ஏணி. அது எந்தக் கணத்தில் சுவரை விட்டு விலகும் என்பதுதான் பாடம். அந்த அம்மாவோ வழவழப்பை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.

“ஆள் எதுக்கும்மா? ஏணி மட்டும் போதுமே.”

“ஏணி தானா போய்ச் சுவர்ல சாயாதே சார். யாராச்சும் ஏறத்தானே சாய்ச்சு வைப்பாங்க?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “உராய்வு அக்கா ஆரம்பிச்சிட்டாங்கடா!” என்றான் பின்னால் ஒருவன். அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். ‘உராய்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம்’ என்று விரிவுரையாளர் வாய் திறந்தால் போதும், முன் வரிசையில் அந்த அம்மாவின் கை உயர்ந்துவிடும்.

விரிவுரையாளருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாகுமா, மூட்டை கட்ட வேண்டுமா என்பது இந்த மாதம் துறைத் தலைவர் கையில். சேர்க்கையெல்லாம் முடிந்த பிறகு இந்த அம்மாவைக் கூட்டி வந்து வகுப்பில் உட்கார வைத்ததும் அதே தலைவர்தான். வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார், வேறென்ன?

ஒருநாள் படியில் இறங்கும்போது மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்.

“டிகிரி முடிச்சு இருபது வருஷம் ஆச்சுங்கறீங்க. இப்ப எதுக்கும்மா இந்தத் தலைவலி?”

“வீட்டுல ஒருத்தி இருக்கா சார். நான் வாயால சொன்னா எதையும் நம்ப மாட்டா. கணக்கு போட்டுக் காட்டுன்னு நிக்கிறா.”

“யாரு, மாமியாரா?”

“மாமியாரைவிடக் கறார் சார்,” என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். மழுப்பலாகத்தான் பட்டது அவருக்கு.

இன்று வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா நேராக அவருடைய அறைக்கே வந்துவிட்டார். இரண்டு பேருக்கான அறை, மூன்று மேசை. உட்கார ஓர் இடம் ஒதுக்க விரிவுரையாளர் விடைத்தாள் கட்டுகளைத் தரையில் இறக்க வேண்டியிருந்தது.

“மார்க்குக்காகக் கேக்கல சார். இந்த ஒரு கணக்கு மட்டும் தெரிஞ்சா போதும். அப்புறம் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்.”

இன்றோடு வாயை அடைத்துவிட வேண்டும் என்று அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த சின்னப் பலகைக்குப் போனார்.

“சரி, உங்க இஷ்டத்துக்கே ஏணியை வைப்போம். ஆள் என்ன எடை?”

“எழுபத்திரண்டு கிலோ. ஏணி பன்னிரண்டு.” யோசிக்கவே இல்லை. “முக்கால் உயரத்துல நிக்கிறார். கையில அஞ்சு கிலோ பெயிண்ட் டப்பா. ஏணி எழுபது டிகிரி சாய்வு. தரை டைல்ஸ் சார், ஈரம்.”

விரிவுரையாளர் சாய்கோடு ஒன்று இழுத்து, அதன் மேல் ஒரு புள்ளி வைத்தார். இந்தத் துறையில் மனிதர்கள் எல்லோரும் எடையுள்ள புள்ளிகள்தான். கணக்கு, சலவைக்குப் போய்வந்த சட்டைபோல மடிப்பு மடிப்பாகப் பணிந்தது. நடுவில் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது; வேவு, வேலை எல்லாம் மறந்து வேகமாக எழுதிக்கொண்டே போனார்.

“பாருங்க, எவ்ளோ அழகா வருதுன்னு! ஈரத் தரையில ஏணி நிக்கத் தேவையான பிடிப்பு மயிரிழைதான் கம்மி. மூணு கிலோ அளவுக்கு யாராச்சும் அடியில முட்டுக் கொடுத்தா, ஏணி அசையவே அசையாது.”

“மூணு கிலோவா?”

“அவ்வளவுதான்! பெரிய ஆள்கூட வேணாம். சின்னப் பிள்ளை பிடிச்சாலே போதும்.”

அந்த அம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டப்பாவைச் சேர்த்தீங்களா சார்?”

“சேர்த்தாச்சு.”

“ஈரம்?”

“அதையும்தான். எல்லாம் நீங்க சொன்ன எண்தானே?”

“யார் பிடிச்சாலும் நிக்காதுன்னு வரும்னு நினைச்சேன் சார்.”

“அதெப்படி வரும்?” ஜெயித்த பெருமையில் வாய்விட்டுச் சிரித்தார் விரிவுரையாளர். “சரி, தலைவர்கிட்ட போய் என்ன சொல்லப் போறீங்க?”

“எந்தத் தலைவர்கிட்ட?”

அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அவருக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. சமாளிப்பதற்காகப் பேச்சை மாற்றினார். “ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல ஒருத்தர் வாய்ச்சொல்லை நம்ப மாட்டாங்கன்னீங்களே, இதை அப்படியே போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. மறுபேச்சு இருக்காது.”

அந்த அம்மா எழுந்து பலகை அருகே போனார். புள்ளியைத் தொடாமல், அதைச் சுற்றியிருந்த எண்களை மட்டும் உள்ளங்கையால் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார்.

“ஏம்மா, என்ன பண்றீங்க?”

“வீட்டுல கணக்கு கேக்கறது எம் பொண்ணு. அவங்கப்பா விழுந்தப்ப, ஏணியைப் பிடிச்சிட்டு இருந்து பாதியில விளையாட ஓடினது அவதான் சார்.”