ஒரே ஒரு யூனிட்

"மீட்டரைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாத." ஜுமாடி மனைவியின் காதில் மூன்றாவது முறையாகக் கிசுகிசுத்தான்.

சுமியாத்தி தலையாட்டினாள். நகர மண்டபத்தின் முதல் வரிசையில், அண்ணியிடம் இரவல் வாங்கி உடுத்திய பாத்திக் மேலங்கியின் நுனியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மேடையில் 'தண்ணீர்ச் சிக்கன விழா' என்று நீலத்தில் பெரிய பேனர்.

"மணி என்னங்க?"

"பத்தேகால்."

"பதினொண்ணுக்கு லாரி வந்துடும், அதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும். தெரியுமில்ல?"

"ஒரு நாள் இல்லாட்டி ஒண்ணும் குடி முழுகிடாது. முதல் பரிசு பிரிட்ஜுன்னு பேசிக்கிறாங்க. பேசாம உக்காரு."

அதற்குள் சிற்றுண்டிப் பெட்டிகளைச் சுமந்தபடி பஹ்ருல் குனிந்து குனிந்து வந்தான். அவர்கள் தெருவுக்கு மீட்டர் கணக்கு எடுக்கிறவன் அவன்தான். ஒரு பெட்டியை அவளிடம் நீட்டினான்.

"அக்கா, காட்டிக் குடுத்துடாதீங்க. மாசாமாசம் 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டவன் நான். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"போடும்போதே அந்தப் பயம் இருந்திருக்கணும்."

"தப்புதான்க்கா. வீட்டுல போன மாசம்தான் ரெண்டாவது புள்ள பொறந்திருக்கு."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி, போ" என்றாள். பெட்டியைத் திறந்தாள். வாழையிலையில் சுருட்டிய லெம்பர் சோற்றுருளையைத் தொடவில்லை. மூடி ஒட்டிய தண்ணீர்க் குவளையை மட்டும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஒலிபெருக்கி அலறியது. "ஐந்து பேர் கொண்ட குடும்பம்! மாதத்துக்கு ஒரே ஒரு யூனிட்! நகரத்திலேயே மிகக் குறைந்த தண்ணீர்ச் செலவு! மேடைக்கு வாருங்கள், திருமதி சுமியாத்தி!"

கைதட்டலுக்கு நடுவே பின்வரிசையில் ஒருத்தி சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது. "ஒரு யூனிட்டா? எங்க மாமியார் கால் கழுவவே அது பத்தாதேடி!"

சிரிப்பு முதுகில் குத்த, சுமியாத்தி படியேறினாள். விழாக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பிரித்து வாசித்தாள்.

"பல் தேய்க்கும்போது குழாயை மூடி வைக்கிறேன். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன்..."

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கூச்சம் போலிருக்கிறது என்று ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. எப்படியும் கீழே இறங்கி ஓடிவிடலாம் என்று அவள் திரும்பியபோது, நகரத் தலைவர் சிரித்தபடி வழிமறித்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இவங்க இருக்கிறது மலைச்சரிவுத் தெரு. அங்க மொத்தம் இருநூறு வீடு. ஒரு யூனிட்ல ஒரு குடும்பமே நடக்குதுன்னா, அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு தண்ணி எதுக்கு? அடுத்த மாசத்துலேருந்து அந்தப் பங்கைக் கடற்கரையில எழும்புற புது அடுக்குமாடிகளுக்குத் திருப்பி விடறோம்!"

மண்டபம் அதிர்ந்தது. முதல் வரிசையில் ஒருத்தன் மட்டும் கைதட்டவில்லை. ஜுமாடி எழுந்தே நின்றுவிட்டான். பிரிட்ஜ் ஆசை அவன் முகத்திலிருந்து போயிருந்தது. தூண் ஓரமாக நின்ற பஹ்ருல் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

இருநூறு வீட்டுப் பெண்களும் சுமியாத்தியின் கண்முன் வந்து நின்றார்கள். நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

"எல்லாப் பெருமையும் உங்களுக்குத்தாம்மா!" நகரத் தலைவர் ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டினார். "தாள்ல இருக்கிறதை விடுங்க. மனசுலேருந்து சொல்லுங்க. அந்த ஒரு யூனிட்டை வெச்சு முப்பது நாள் எப்படி ஓட்டுறீங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்தது: 'சொல்லு.' பஹ்ருலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையிலிருந்த தாளை நான்காக மடித்து நகரத் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அது தண்ணி இல்லீங்கய்யா... ஏழு மாசமா எங்க மீட்டரைச் சுத்த வைக்கிறது குழாயில வர்ற வெறும் காத்து."