வேலியோரம் பார்க்கும் நாய்

நேரம் முடிந்ததாக மணி அலறியது. மூன்று ஆடுகளில் ஒன்றைக்கூடப் பட்டிக்குள் அடைக்காமல், என் நாய் டிங்கர் வேலியோரத்தையே வெறித்துக்கொண்டு நின்றான்.

போன வருஷம் இதே ஆடு ஓட்டும் போட்டியில் கோப்பை வாங்கியவன்!

வேலியோரம் வழக்கமாக நிற்பவள் என் மனைவி நோரீன். இன்று நான்தான் அவளை வரவிடவில்லை.

"என்ன டெஸ், பொண்டாட்டி வரலைன்னு நாய்க்கு ஏக்கமா?" என்று பக்கத்துப் பண்ணை மெர்வ் கத்தினான். கூட்டமே சிரித்தது.

என் வயிறு எரிந்தது. குட்டியிலிருந்து கறி போட்டு வளர்த்து, விசிலுக்கு ஓடப் பழக்கியவன் நான். ஆனால் அவன் கண் எப்போதும் அவள்மேல்தான். அதனால்தான் இன்று அவளை வீட்டிலேயே விட்டு வந்தேன். வீட்டிலும் நான் கூப்பிட்டால் திரும்பமாட்டான். அவள் எழுந்தாலே வாலாட்டிக்கொண்டு பின்னால் போவான்.

"என் நாயை என்ன பண்ணி வெச்சிருக்கே?" என்று வீட்டில் வெடித்தேன். "இவனை யாருக்காவது குடுத்துடப் போறேன்."

நோரீன் அழுதாள். எனக்காக அவள் அப்படி அழுததில்லை. அதுவும் எரிந்தது.

மறுநாள் டிங்கரை மாட்டு டாக்டர் ஹில்டாவிடம் இழுத்துப்போனேன். "இவனுக்கு ஏன் என்னைக் கண்டாலே பிடிக்கலை?"

டாக்டர் அவன் முதுகுப்பக்கம் போய், தகரத் தட்டைத் தரையில் போட்டார். நான் துள்ளினேன். டிங்கர் திரும்பவேயில்லை.

"காது கேக்கலையா? அப்போ போன வருஷம் என் விசிலுக்கு எப்படி ஓடினான்?"

"ரெண்டு வருஷமாவே கேக்காது டெஸ். காது போன நாயை நீ வெச்சுக்கமாட்டேன்னு நோரீன் என்கிட்ட வந்து அழுதா. அப்புறம் போட்டிக்குப் போட்டி உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு கை காட்டினா. அதைப் பார்த்துதான் ஓடினான்."