மேட்டு நிரை

“அவள இன்னைக்கே தோட்டத்த விட்டு அனுப்புங்க. இல்லேன்னா நான் போறேன்” என்றாள் ராஜம்மா.

ராஜம்மா எங்கேயும் போக மாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். கங்காணி தம்புசாமியின் மனைவி எங்கே போவாள்? ஆனால் அவள் வாயைத் திறந்தால் பஞ்சாயத்து கூடிவிடும். அன்றும் கூடிவிட்டது. ஜாசினுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆணும் பெண்ணும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் நின்றவள் இருசம்மாள். புருஷன் குளிர்க்காய்ச்சலில் போய்விட்டான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கொஞ்சம் தள்ளி, கல்யாணமாகாத அங்கமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவன் இருசம்மாள் வீட்டிலிருந்து வெளியே வந்ததையும், வாசலில் அவள் கையில் காசு கொடுத்ததையும் ராஜம்மாவே கண்ணால் பார்த்துவிட்டாள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. இங்கிருந்து துரத்தினால் இருசம்மாளை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. பிள்ளையோடு ஜாசின் கடைத்தெருவில் கையேந்த வேண்டியதுதான். இது ராஜம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

“மலாக்கா டவுன்ல நடக்கிற கூத்த லயத்துக்குள்ள கொண்டாந்துட்டா. நம்ம வீட்டு ஆம்பளைங்க கெட்டுப் போகணுமா?” என்றவள், பக்கத்தில் இருந்த காளியம்மாவை முழங்கையால் இடித்தாள். “நீயும் தாலியறுத்தவதான். நீ இப்படியாடி திரியுற?”

காளியம்மா தரையைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டினாள்.

ராஜம்மாவுக்குப் புருஷனைப் பற்றிக் கர்வம் உண்டு. சம்பளம் வாங்கினால் தம்புசாமி அதை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவான். கையில் காசில்லாத ஆம்பளை கெட்டுப்போக வழி ஏது என்பது அவள் எண்ணம். போதாததற்கு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தை ஒட்டிச் சமதரையில் இருக்கும் ரப்பர் மர நிரையை அவன் எப்போதும் ஒரு விதவைக்குத்தான் கொடுப்பான். மேடு ஏறி இறங்க வேண்டாம், மரத்தில் பட்டையை வெட்டினால் பாலும் நன்றாக வடியும். இப்படி இரக்கம் பார்க்கிற கங்காணி வேறு எங்கே இருக்கிறான் என்று கிணற்றடியில் அவள் சொல்லாத நாளில்லை.

தம்புசாமி தொண்டையைச் செருமினான்.

“ஏண்டா, காசு கொடுத்தியா?”

“கொடுத்தேன் கங்காணியாரே” என்றான் அங்கமுத்து. “லயத்துல பொம்பளைங்களே கொஞ்சம். எனக்கு எவன் பொண்ணு கொடுப்பான்? கேட்டேன். அதுவும் சரின்னிச்சு. பேசினதக் கொடுத்தேன். அடிக்கல, மிரட்டல.”

“பேசினதக் கொடுத்தானாம்! பசிச்சுக் கெடக்கிறவகிட்டப் பேசுறது ஒரு பேச்சாடா? அவளால முடியாதுன்னு சொல்ல முடியுமா? முடியாதுன்னு சொல்ல முடியாதவகிட்ட வாங்குறதுக்குப் பேரு திருட்டுடா, திருட்டு!” என்று சீறினான் தம்புசாமி.

கூட்டம் ஆமோதித்தது. அங்கமுத்துவுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ராஜம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளைக்காரத் துரைகூட இவ்வளவு நியாயம் பேசுவாரா!

அந்தப் பெருமையில் அவளே இருசம்மாளிடம் திரும்பினாள்.

“ஏண்டி, இவன்கிட்ட முடியாதுன்னு சொல்ல உனக்கு வாயில்லையா?”

இருசம்மாள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“சொன்னேன்க்கா. மொதத் தடவ கேட்டப்ப முடியாதுன்னுதான் சொன்னேன். பேசாம போயிட்டாரு. அப்புறம் புள்ளைக்குக் கஞ்சி வைக்க அரிசி இல்ல. நானேதான் வரச் சொன்னேன். சந்தோஷமா செஞ்சேன்னு நெனைக்காதீங்க. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.”

“வேலை செய்யுறவளுக்கு அரிசி இல்லாம போகுமா? சமதரை நிரையில சொகமா மரம் வெட்டிக்கிட்டு இருந்தவதானே நீ? சோம்பேறித்தனம் பண்ணின. அதான் மேட்டுக்காட்டுக்கு மாத்திட்டாரு.”

“மேட்டு நிரையில பாதி மரத்துல பாலே இல்லக்கா. வாளியத் தூக்கிக்கிட்டுச் சறுக்கி விழுந்து எந்திரிச்சாலும் அரைச் சம்பளந்தான்.”

“ராஜம், போதும் விடு” என்றான் தம்புசாமி அவசரமாக. “பஞ்சாயத்து முடிஞ்சுது. நாளைக்குக் காலையில அவ...”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் ராஜம்மா. ஜெயிக்கிற நேரத்தில் எழுந்து போக அவளுக்கு மனமில்லை. “ஏன் மாத்தினீங்கன்னு அவ வாயாலயே வரட்டும். சொல்லுடி!”

இருசம்மாள் முதல் தடவையாகக் கங்காணியை நிமிர்ந்து பார்த்தாள். போவது என்று ஆன பிறகு பயந்து என்ன ஆகப் போகிறது?

“கங்காணியாருகிட்டயும் ஒரு தடவ முடியாதுன்னு சொன்னேன்க்கா. மறுநாள் காலையில பேர் கூப்பிடறப்பவே மேட்டு நிரைக்குப் போட்டுட்டாரு.”

தம்புசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். ராஜம்மா துள்ளி எழுந்தாள்.

“அபாண்டம்! உன் நாக்கு அழுகிப் போகும்டி! காளியம்மா, நீ சொல்லு. இப்ப அந்தச் சமதரை நிரையில நீதானே மரம் வெட்டுற? என் புருஷன் உன்கிட்ட ஒரு நாளாவது தப்பா நடந்திருக்காரா? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுடி!”

காளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ராஜம்மா அவள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் குரல் வந்தது.

“நான் முடியாதுன்னு சொல்லலக்கா.”