நாலாம் வகுப்பு மீசைகள்

"சரியாச் சொன்னதுக்கா அடிச்சாரு?"

முருகையா மகனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிரம்புத் தடம் சிவந்து கிடந்தது.

"ஆமாப்பா. நேத்து ஏழெட்டு ஐம்பத்தாறுன்னேன். சுளீர்னு ஒண்ணு விட்டாரு."

"தப்பாச் சொன்னவனுங்களை?"

"இருளப்பன் பதினஞ்சுன்னான். அவனை முதுகுல தட்டிக் கொடுத்தாரு."

முருகையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடராஜா நாலாம் வகுப்பைப் பாஸ் பண்ணிவிட்டால் தோட்ட ஆபீசில் எடுபிடியாகவாவது சேர்த்துவிடலாம், தன்னைப்போல ஜப்பான்காரனுக்கு மரவள்ளிக் கிழங்கு தோண்டிச் சாக வேண்டாம் என்று ஆசைப்பட்டான் அவன். அந்தோணிதாஸ் வாத்தியாரோ பையனை வருஷா வருஷம் பெயிலாக்கிக்கொண்டிருந்தார். இப்போது பையனுக்கு மீசையே அரும்பிவிட்டது.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

முருகையாவின் வாய் தோட்டமே அறிந்த வாய். காலையில் அவன் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் பாடாங் செராய் பாசார் கடைத்தெரு வரைக்கும் போய்விடும். இன்றைக்கும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாத்தியாரைத் திட்டித் தீர்த்துக்கொண்டேதான் போனான்.

பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தவனுக்கு மயக்கம் வராத குறை. ஒன்றாம் வகுப்பில் நாலைந்து வாண்டுகள். இரண்டிலும் மூன்றிலும் அங்கொன்று இங்கொன்று. நாலாம் வகுப்பில் மட்டும் பெஞ்சு கொள்ளாத கூட்டம். எல்லாம் தடித்தடிப் பயல்கள். அரைக்கால் சட்டைக்குக் கீழே முடி முளைத்த கால்களை நீட்டிக்கொண்டு, கட்டைக் குரலில் வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடராஜாவும் தன் இடத்தில் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஜன்னலோரம் ஒரு பெண் தூக்குச்சட்டியோடு நின்றாள்.

"தம்பிக்குச் சாப்பாடு கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டான் முருகையா.

"இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்குப் பசியாற" என்று அவள் இருளப்பனைக் காட்டி வெட்கப்பட்டாள்.

சத்தம் கேட்டு வாத்தியார் வெளியே வந்தார்.

"சார், ஏழெட்டு ஐம்பத்தாறு சரியா, தப்பா?"

"சரி."

"அப்புறம் எதுக்கு எம் மகனை அடிச்சீங்க?"

"சரியாச் சொன்னதுக்குத்தான்."

"என்ன நாயம் சார் இது? கல்யாணம் கட்டினவனெல்லாம் உங்ககிட்ட நாலாவது படிக்கிறான். சொல்லிக் கொடுக்கத் தெரியலைன்னா எங்ககூடக் கிழங்கு நட வாங்க லா!"

வாத்தியார் கோபப்படவில்லை. "காரணம் இருக்கு, முருகையா. உன்கிட்ட மட்டும் சொல்ல முடியாது. உன் வாய் அப்படி."

"என் வாயா? இருங்க, கிராணிகிட்டயே போறேன். உங்க வேலை போகுதா இல்லையா பாருங்க!"

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி தர்மலிங்கமே இறங்கினார். பின்னாலேயே இடுப்பில் வாளோடு ஒரு ஜப்பான் அதிகாரி.

முருகையா ஓடிப்போய்க் கும்பிட்டான். "ஐயா, எம் மகன் படிப்பைப் பத்தி ஒரு புகாருங்க..."

"இருப்பா, வந்த வேலை முடியட்டும்." கிராணி வாத்தியார் பக்கம் திரும்பினார். "நாலாவது பாஸ் பண்ணவன் எத்தனை பேர்?"

"ஒருத்தனும் இல்லீங்க."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. இத்தனை பெரிய பயலுக்கா ஒண்ணும் தெரியாது?" கிராணியின் விரல் நேராக நடராஜாவைக் காட்டியது. "டேய், எழுந்திரு. வாரத்துக்கு எத்தனை நாள்?"

முருகையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். வாத்தியார் மானம் இதோ கப்பலேறப்போகிறது!

நடராஜா வாத்தியாரைப் பார்த்தான். அவர் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தான். சரியாகச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவன் உள்ளங்கைக்கு நன்றாகத் தெரியும்.

"ஒம்பது" என்றான்.

"நீ சொல்லுடா" என்று கிராணி இருளப்பனைக் கேட்டார்.

இருளப்பன் கொஞ்சம் யோசித்தான். "மழை பேஞ்சா ஒண்ணு கொறையுங்க."

கிராணி அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஜப்பான்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முருகையாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

கிராணி சலித்துப்போய் டிரைவரைக் கூப்பிட்டார். "வண்டியத் திருப்புப்பா. படிக்கிற பயல விட்டுடு, நாலாவது முடிச்சவனைச் சயாமுக்கு ஏத்துன்னு உத்தரவு. இங்க ஒரு முட்டாளும் முடிச்ச பாட்டைக் காணோம்."

சயாம்! முருகையாவின் தம்பி அம்மாசி, ரயில்பாதை போட இப்படி ஒரு லாரியில்தான் ஏறிப் போனான். அவனும் திரும்பவில்லை, அவனோடு போனவர்களும் திரும்பவில்லை.

முருகையா திரும்பி வாத்தியாரைப் பார்த்தான். பயல்களை மறைத்தாற்போல் வாசலில் நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

லாரியில் கால் வைத்த கிராணிக்குச் சட்டென்று நினைவு வந்தது. "முருகையா, மகன் படிப்பைப் பத்தி என்னமோ புகார்னியே? சீக்கிரம் சொல்லு."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக முருகையா வாயைத் திறக்குமுன் யோசித்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, இந்த மண்டுவுக்கு நாலாவதே அதிகமுங்க. மூணாவதுக்கு எறக்கி விடச் சொன்னா, வாத்தியார் மாட்டேங்கிறாருங்க!"